ஒருத்திக்கான பை

பல் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பல் செட் செய்வதுதான் அவள் வேலை. மாடியில் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்துக் கீழே அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடையை வார்ப்பாள், மெழுகில் ஈறு கட்டுவாள், ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். எல்லாம் முடிந்தபின் விளக்கடியில் பிடித்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சரியாகக் கடிக்கிறதா என்று டக் டக்கென்று தட்டிப் பார்ப்பாள். அந்தச் சத்தம் மாடிப்படி வரை கேட்கும். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. வாசலில் நிற்கிற காவலாளி அவளைவிடப் பத்து வயது பெரியவர். அவருக்கும் அவள் பல்லக்காதான்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஏதும் கிடையாது. வந்த வரன்களில் எவரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை, பிடித்த ஒருவர் வரனாக வரவில்லை, அவ்வளவுதான். தங்கையும் அப்படியே நின்றுவிட்டாள். தங்கைக்கு நீச்சல் குளத்தில் பயிற்சியாளர் வேலை. சின்ன வயதில் தண்ணீரைக் கண்டால் விழுந்தடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குதிப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குத் தவளை என்று பேர் வைத்தார்கள். அகலமான தோள், எட்டூருக்குக் கேட்கும் குரல், மூக்கு நுனியில் கோபம். அக்காவோ நாலு வார்த்தை பேசினால் அதிகம். இருவரும் ஒரே வீட்டில், ஒரே அறையில், இரண்டு கட்டில்களில் காலம் தள்ளினார்கள். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

கோடை வந்துவிட்டால் மட்டும் இருவருக்கும் வீடு தங்காது. மருத்துவமனையில் ஒரு வாரம் விடுப்பு வாங்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார்கள். பஸ் போகிற வரை பஸ், அதற்கு அப்புறம் கால்நடை, இருட்டினால் கூடாரம். கூடாரத்தையும் ஸ்லீப்பிங் பேக்கையும் தவளை சுமப்பாள். அடுப்பு, ரொட்டி, முட்டை, டீத்தூள் எல்லாம் பல்லக்காவின் முதுகில்.

"நீ நல்லா விவரம்தான்க்கா. நீ தூக்குறதை நாம தின்னே தீத்துடறோம். நான் தூக்குறது மட்டும் இறங்கற வரைக்கும் குறைய மாட்டேங்குது" என்பாள் தவளை, வருஷா வருஷம், ஏறத்தாழ அதே வளைவில்.

ஸ்லீப்பிங் பேக் என்று இருந்தது ஒன்றே ஒன்று. இருவர் படுக்கிற அளவு பெரியது. சுருட்டிக் கட்டினால் சிறு குழந்தையின் மெத்தை மாதிரி இருக்கும். கனம், சின்ன சிமெண்ட் மூட்டைதான். ஆனால் உள்ளே புகுந்து படுத்துவிட்டால் தவளையின் உடம்பு அடுப்பு போலச் சுடும். பல்லக்காவுக்கு எந்நேரமும் பாதம் ஐஸ்தான். அந்த இரண்டு பாதங்களையும் தங்கையின் கெண்டைக்காலில் ஒட்டவைத்துக்கொள்வாள். "எடு, எடு, பொணத்தோட கால் மாதிரி இருக்கு" என்று தவளை கத்துவாள். ஆனால் காலை நகர்த்த மாட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான், நாற்பத்தாறு வயதில் தவளைக்குக் கல்யாணம் ஆனது.

மாப்பிள்ளை ஒரு கால்நடை மருத்துவர். ஐம்பது வயதில் நீச்சல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுக் குளத்துக்கு வந்தவர். முதல் நாளே ஆழம் தெரியாமல் கால்வைத்து மூழ்கப் பார்த்தார். தவளை குதித்துத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கப் போனாள். தலையில் முடி இல்லாததால் காதைப் பிடித்துத் தூக்கினாள். "என் காதைப் பிடிச்சவ, இனிமே விடக் கூடாது" என்று அவர் பின்னால் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நல்ல மனுஷர். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது பல்லக்காதான். அன்றைக்கு அவள் மனதார மகிழ்ந்தாள். அதில் பொய் இல்லை. பஸ்ஸில் நாலு மணி நேரம் போகவேண்டிய ஊர் அவருடையது. தவளை இரண்டு பெட்டியோடு கிளம்பினாள். "பெரிய பை உங்கிட்டயே இருக்கட்டும்க்கா" என்று அலமாரியின் மேல்தட்டைக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு பல்லக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

சாப்பாடு இறங்கியது, வேலை ஓடியது, கை நடுங்கவில்லை. தூக்கம் ஒன்றுதான் பிடிகொடுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆள் புரளும் சத்தம் இல்லாத அறையில் கண்ணை மூடினால், காது மட்டும் விழித்துக்கொண்டே இருந்தது. டீயை விட்டுப் பார்த்தாள், சாயங்காலம் நடந்து பார்த்தாள், மாடியில் இருந்த டாக்டரம்மா எழுதித்தந்த மாத்திரையைப் போட்டுப் பார்த்தாள். மாத்திரை போட்ட மறுநாள் ஒரு கிழவருடைய முன்பல்லைத் தலைகீழாகப் பதித்துவிட்டாள். அதோடு மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

கோடை நெருங்கியபோது தவளையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இந்த வருஷம் மூணு பேரும் போலாம். அவரும் வரேங்கறார்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. புதுசாக் கல்யாணமானவங்க."

"எனக்கு நாப்பத்தாறு, அவருக்கு அம்பது. என்ன புதுசு?"

"நான் நடுவுல எதுக்கு?"

"அப்ப நீ என்ன பண்ணப் போறே?"

"நான் தனியாப் போறேன்" என்று பல்லக்காவின் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்படிச் சொல்லவேண்டும் என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. எதிர்முனையில் தவளை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது, சுமப்பதுதான் பிரச்சினை. குனிந்து குனிந்தே வேலை செய்து அவள் முதுகு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அலமாரி மேலிருந்து பெரிய பையை இறக்கியபோதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். லேசான கூடாரமாக இரவல் வாங்கலாம், அடுப்பு சின்னதாக இருக்கலாம், ரொட்டியைக் குறைக்கலாம். இந்தப் பையை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அது இருவருக்கென்று தைத்தது. பாதியாக வெட்டினால் இரண்டு பாதியுமே ஒன்றுக்கும் உதவாது.

மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண்தான் போனில் தேடிக் காட்டினாள். அதிலிருந்து பல்லக்காவுக்கு வேறு ஓர் உலகம் திறந்தது. வாத்தின் வெளி இறகுக்கு அடியில், நெஞ்சுப் பக்கம், பஞ்சு போல மெத்தென்று தூவி இருக்குமாம். அதை அடைத்த பைகள் கையில் எடுத்தால் எடையே தெரியாதாம். அழுத்தினால் ஒரு ரொட்டி அளவுக்குச் சுருங்குமாம், விட்டால் புஸ்ஸென்று பொங்குமாம். எவ்வளவு பொங்கும் என்பதற்கு எண்ணூறு, தொள்ளாயிரம் என்று எண் வேறு இருந்தது. எண் ஏற ஏறப் பை லேசாகும், விலை கனக்கும். சாப்பாட்டு நேரத்தில் இதைப் படிப்பதே அவளுக்கு வேலையாகிப் போனது.

"பல்லக்கா, நாலு வாரமாப் படிக்கிறீங்க. இந்நேரம் வாத்தே வளத்திருக்கலாம்" என்றாள் வரவேற்புப் பெண்.

படிக்கப் படிக்கத் தலைதான் சுற்றியது. ஒரே பையில் இரண்டு விதமான குளிர் எழுதியிருந்தது. இத்தனை டிகிரி வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஒன்று. இத்தனை டிகிரி வரை தாக்குப்பிடிக்கலாம் என்று இன்னொன்று. விற்கிறவர்கள் இரண்டாவதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கடைசியில் இருப்பதிலேயே லேசான ஒன்றை மனதில் குறித்துக்கொண்டாள். அதன் எடை அவள் மேசையில் இருக்கும் பிளாஸ்டர் டப்பா ஒன்றுக்குச் சமம். ஒரு விடுமுறை நாளில் நகரத்தின் மறுகோடியில் இருந்த மலையேறுகிறவர்களுக்கான கடைக்குப் போனாள்.

நீளமான, தாழ்ந்த கூரை போட்ட கடை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கடையை நடத்துகிற அம்மாவுக்கும் ஏறக்குறைய அவள் வயதுதான். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தாள், காலில் தடித்த காலுறை. பல்லக்கா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். கடைக்காரம்மா கேட்டுக்கொண்டே வந்து, "ஜிப்பு இடப்பக்கமா, வலப்பக்கமா?" என்றாள்.

"எதுவானா என்ன?"

"கூட வர்றவங்க பை வலப்பக்கம்னா நீங்க இடப்பக்கம் எடுக்கணும். ரெண்டையும் சேத்து மாட்டினா ஒரே பையாயிடும்."

"கூட யாரும் வரல" என்றாள் பல்லக்கா.

"அப்ப உங்க கைக்கு எது வசதியோ அது" என்றாள் கடைக்காரம்மா, சாதாரணமாக. பரிதாபமும் இல்லை, துருவலும் இல்லை. அது பல்லக்காவுக்குப் பிடித்திருந்தது.

மூன்று பைகளைக் கொண்டுவந்து விரிப்பின் மேல் உதறிப் போட்டாள். அவை மெல்ல மூச்சு வாங்கி எழுந்தன. பல்லக்கா நின்றபடியே ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் நின்னுக்கிட்டே பாக்கறாங்க. பை என்ன நின்னுக்கிட்டுத் தூங்கறதுக்கா? உள்ள போய்ப் படுங்க. தோள் இடிக்குதா, கால் நீட்ட முடியுதான்னு படுத்தாத்தான் தெரியும்."

கூச்சமாக இருந்தது. ஆனாலும் கடையில் அந்நேரம் ஆளில்லை. எதிரில் கிடந்ததில் ஏதோ ஒன்றில் கால் நுழைத்துப் படுத்தாள். கடைக்காரம்மா குனிந்து ஜிப்பை மேலே இழுத்துவிட்டாள். "கண்ணை மூடிப் பாருங்க. நான் வேற அளவு இருக்கான்னு உள்ள பாத்துட்டு வரேன்."

சுவரில் ஏசி ஏதோ முனகிக்கொண்டிருந்தது. உள்ளறையில் கடைக்காரம்மா அட்டைப்பெட்டிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. காலுறைபோட்ட பாதங்கள் அங்கும் இங்கும் நடந்தன. யாரோ பக்கத்தில் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பல்லக்கா கண்ணை மூடினாள்.

அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப் போனாள்.

விழித்தபோது எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. அவளைச் சுற்றிலும் ஷூ பெட்டிகளை வேலி மாதிரி அடுக்கியிருந்தார்கள், யாரும் மிதித்துவிடக் கூடாதென்று. கடைக்குள் மூன்று நான்கு பேர் குரலைத் தாழ்த்திப் பேசியபடி கயிறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரம்மா முக்காலியில் உட்கார்ந்து காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லக்கா விழுந்தடித்துக்கொண்டு எழப் பார்த்தாள், பை விடவில்லை. "ஐயோ, எவ்ளோ நேரமாச்சு?"

"நான் சாப்பிட்டு வந்தேன். டீயும் குடிச்சாச்சு."

"எழுப்பியிருக்கலாமே!"

"எழுப்ப மனசு வரல."

"குறட்டை விட்டேனா?"

"நல்லாவே விட்டீங்க. டெண்ட் பாக்க வந்த ஒருத்தர் உங்களையே பாத்துக்கிட்டு நின்னார். இப்படித் தூக்கம் வருமான்னு கேட்டார். அதே பைல ஒண்ணு வாங்கிட்டுப் போயிட்டார்."

பல்லக்கா வெட்கத்தை மறந்து சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கட்டியது. அதைத் தூக்கக் கலக்கம்போலத் துடைத்துக்கொண்டாள். "மூணு நாலு மாசமா எனக்குத் தூக்கமே இல்லம்மா. இந்தப் பையையே குடுத்துடுங்க."

கடைக்காரம்மா தலையை ஆட்டினாள். "தர மாட்டேன்."

"ஏன்?"

"இது பனிமலைக்குப் போறவங்க பை. இந்த ஏசிக் குளிர்ல உங்களுக்கு இதமா இருந்துச்சு. கோடையில இதுக்குள்ள படுத்தா வெந்துடுவீங்க. எடையும் நீங்க சொன்னதுக்கு ரெண்டு மடங்கு. உங்க முதுகு ஒரு வளைவு தாங்காது."

"ஆனா தூக்கம் வந்துச்சே."

"தூக்கம் பைக்குள்ள இல்லைங்க. இருந்தா நான் என்னைக்கோ பணக்காரியாயிருப்பேன்."

பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார்கள். பல்லக்கா மனதில் குறித்து வைத்திருந்த பையின் துணி அவ்வளவு மெல்லியது, உள்ளே தூவி மங்கலாகத் தெரிந்தது. தலைக்கு மூடி கிடையாது. ஜிப் இடுப்பு வரைதான். இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் கனம். தலைமூடி உண்டு, ஜிப் பாதம் வரை.

"உங்களுக்குக் கால் எப்படி? சூடா, குளிர்ச்சியா?"

"பொணத்தோட கால்னு சொல்லுவாங்க."

"அப்ப அந்த லேசான பையை மறந்துடுங்க. அதுல எழுதியிருக்கிற டிகிரி தாக்குப்பிடிக்கறதுக்கு. நீங்க லீவு போட்டுட்டுத் தாக்குப்பிடிக்கவா போறீங்க? கனமா இருக்கிறதை எடுங்க. ரெண்டு முட்டையைக் குறைச்சா சரியாயிடும்."

கையில் இரண்டையும் ஏந்தி மாற்றி மாற்றிப் பார்த்தாள். இத்தனை வாரம் தேடிப் பிடித்தது அந்த லேசான பை. அதை விடுவதற்கு மனம் அடித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு முறை படுத்தாள், இந்தத் தடவை தூங்காமல். கனமானதில் பாதத்தைச் சுற்றித் தூவி அதிகமாக அடைத்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது. இடக்கைப் பக்கம் ஜிப் உள்ளதைக் கேட்டு வாங்கினாள். ஈரம் படவே கூடாது, நனைந்தால் ஈரக் கோழிபோல ஒட்டிக்கொள்ளும், வீட்டில் இருக்கும்போது சுருட்டி அடைக்காமல் விரித்தே போடவேண்டும் என்றெல்லாம் கடைக்காரம்மா சொல்லி அனுப்பினாள்.

விரித்துப் போட வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. தங்கையின் வெறுங்கட்டில்.

தவளை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அடுத்த விடுமுறை நாளில். பல்லக்கா சமையலறையில் இருந்தாள். தங்கை வழக்கம்போலக் கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தாள், அறைக்குள் போனாள், அப்புறம் சத்தமே இல்லை.

"யாருக்கா படுத்திருக்கா?"

"யாருமில்ல. பை."

தவளை வெளியே வந்து நிலைப்படியில் சாய்ந்தாள். "ஒரு ஆள் படுக்கிற பை."

"நான் ஒரு ஆள்தானே."

"நிஜமாவே தனியாப் போறியா? நான் சும்மா சொல்றேன்னு நெனச்சேன்."

"தெரியும். சிரிச்சே."

"மூணு பேரும் போலாம்னு எத்தனை தடவ சொன்னேன்? கேட்டியா?"

பல்லக்கா ஏற்கெனவே பளபளவென்று இருந்த பாத்திரத்தைத் தேய்த்தாள்.

"கோவமா இருக்கே."

"இல்ல."

"இருக்கே. கோவம் வந்தாத்தான் நீ பாத்திரத்தைப் போட்டு இந்தத் தேய் தேய்ப்பே. சொல்லித் தொலை. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது உனக்குப் பிடிக்கலியா?"

பல்லக்கா பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி தங்கை கேட்டதே இல்லை.

"கல்யாணத்துல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மாப்பிள்ளை தங்கமானவர். நீ போனதுல கூட எனக்குக் கோவம் இல்ல. நீ போனப்புறம் நான் இங்கயே, இப்படியே, வச்ச இடத்துல இருப்பேன்னு நெனச்சே பாரு, அதுலதான் கோவம். கழட்டி விட்ட செருப்பு வாசல்லயே கிடக்கும்னு நெனக்கிற மாதிரி."

தவளையின் முகம் தொங்கிப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நெனச்சேன்க்கா" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நெனச்சேன். அங்க எனக்கு எல்லாமே புதுசு. டம்ளர் எங்க இருக்கு, எந்தப் பக்கம் படுக்கணும், யாருகிட்ட எவ்ளோ சத்தமாப் பேசலாம். எல்லாத்தையும் ஒண்ணாங்கிளாஸ் மாதிரி கத்துக்கறேன். ஒரு இடமாவது மாறாம இருக்கட்டும்னு இருந்துச்சு. அது நீன்னு வச்சுக்கிட்டேன்."

பல்லக்காவுக்கு அதைக் கேட்டதும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தூங்கறியா?" என்று தவளை கேட்டாள்.

"இல்ல. நீ?"

"அவர் விடற குறட்டையில எங்க தூங்கறது? எருமைக்கு வைத்தியம் பாத்துப் பாத்து எருமையாட்டமே விடறார்."

சிரிப்பு இருவரையும் ஒரே நேரத்தில் பிடித்தது. சிரித்து ஓய்ந்ததும் தவளைக்குப் பையைப் போட்டுப் பார்க்க ஆசை வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் காதில் வாங்காமல் உள்ளே புகுந்தாள். நீச்சலடித்த தோள் பாதியில் நின்றது. முரட்டுத்தனமாக இழுத்ததில் மெல்லிய துணி ஜிப்பின் பல்லில் மாட்டிக்கொண்டது.

"அசையாதே! கிழிஞ்சா தூவி எல்லாம் பறந்துடும்!"

தவளை அந்தக் கோலத்தில், கம்பளிப்பூச்சி போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பல்லக்கா தன் வேலைப் பையிலிருந்து மெழுகு செதுக்குகிற மொட்டைக் கத்தியை எடுத்துவந்தாள். மூக்கு நுனிக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு பல்லாகத் துணியை விடுவித்தாள்.

"வாய்ப் பல்லு போதாதுன்னு ஜிப்புப் பல்லு வேறயா உனக்கு" என்றாள் தவளை.

"பேசாதே. வயிறு ஆடுது."

துணி கிழியாமல் வந்தது. சுருக்கம் மட்டும் ஒரு விரற்கடை நீளத்துக்கு நின்றுவிட்டது. போகும்போது தவளை அலமாரியைப் பார்த்து, "பெரிய பையை நான் எடுத்துக்கட்டா?" என்றாள். அவர்கள் இருவருக்கும் போல என்று பல்லக்கா நினைத்தாள். ஆனாலும் எடுத்துக்கோ என்றாள்.

"எங்களுக்கில்ல. அவர் அதுக்குள்ள படுத்தா அவிஞ்சு போயிடுவார். அவரோட ஆஸ்பத்திரியில ஆபரேஷன் முடிஞ்ச நாய்ங்க வெறுந்தரையில கிடந்து நடுங்குது. அதுங்களுக்குப் போடலாம்னு."

பல்லக்கா கொஞ்சம் யோசித்தாள். "துவைச்சுட்டுப் போடு" என்றாள்.

மலைக்கு அவள் தனியாகத்தான் போனாள். முதுகில் இருந்தது மொத்தமும் அவளுடைய சுமைதான். பஸ் இறங்கி முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்கியது. ஆனால் இடுப்பு பிடிக்கவில்லை. வழியில் பேச ஆளில்லாததால் முதலில் வாய் நமநமத்தது. மத்தியானத்துக்குப் பிறகு தானே தனக்குப் பேசிக்கொண்டாள். அது அவ்வளவு மோசமாக இல்லை. பார்த்த இடத்தில் நின்றாள், நினைத்தபோது டீ போட்டாள். சீக்கிரம் நட, சீக்கிரம் நட என்று முன்னால் போய்க் கத்த யாருமில்லை.

முதல் இரவு தூக்கம் வந்தது என்று சொல்ல முடியாது. காற்று கூடாரத்தை உலுக்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் விழித்தாள். ஆனால் குளிரவில்லை. தலைமூடியின் கயிற்றை இழுத்து மூக்கு மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, விழித்தபடியே கதகதப்பாகக் கிடந்தாள். பாதங்கள் நெடுநேரம் அடம்பிடித்தன. பிறகு அவையும் தாமாகவே, யார் காலும் இல்லாமல், சூடேறின. விடிந்து பார்த்தால் பையின் வெளிப்புறம் பனியில் நசநசத்திருந்தது. பதறிப்போய் வெயில் விழும் பாறையில் விரித்துப்போட்டுவிட்டு, அது காயும் வரை பக்கத்தில் உட்கார்ந்து காவல் காத்தாள். காய்ந்து அது பழையபடி பொங்கி எழுந்ததைப் பார்த்தபோது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதுபோல அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது இரவு எப்போது தூங்கினாள் என்றே தெரியாது. பறவைச் சத்தம்தான் எழுப்பியது.

இறங்க வேண்டிய நாளில் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள். வலது பக்கம் ஊருக்கு இறங்குவது. இடது பக்கம் செங்குத்தாக ஒரு மேட்டுக்கு ஏறுவது. வருஷா வருஷம் அந்த இடத்தில் பல்லக்கா இடது பக்கம் பார்ப்பாள். "மேல ஒண்ணும் இல்லக்கா, எனக்குத் தெரியும், வா" என்று தவளை வலது பக்கம் இறங்கத் தொடங்கியிருப்பாள். பல்லக்காவும் பின்னாலேயே போய்விடுவாள். மேலே ஓர் ஏரி இருக்கும், அல்லது தூரத்துக் கடல் தெரியும் என்று இத்தனை காலமாக அவள் தனக்குள்ளே ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள்.

இன்று அவள் இடது பக்கம் ஏறினாள். கையை ஊன்றி, அங்கங்கே உட்கார்ந்து, முதுகுச் சுமையைத் திட்டி, ஒரு வழியாக உச்சியை அடைந்தாள்.

மேலே ஒன்றும் இல்லை. கொஞ்சம் கல், கொஞ்சம் காய்ந்த புல், கூரை இடிந்த ஆட்டுக்கொட்டகை ஒன்று. எதிர்ப்பக்கம் இன்னும் உயரமான ஒரு மேடு எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது.

பல்லக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று நாலாபக்கமும் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தவளை ஒரு தடவைகூட இங்கே ஏறியதில்லை. எப்படித்தான் தெரிந்ததோ, அவள் சொன்னது அத்தனையும் சரி. போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் கோடு காட்டியது. தங்கையைக் கூப்பிட்டு, "மேல வந்திருக்கேன்" என்றாள்.

"எந்த மேல?"

"நீ வர விடாத மேல."

"ஐயோ, அங்கயா! என்னக்கா இருக்கு அங்க?"

பல்லக்கா ஒரு கணம் சுற்றிப் பார்த்தாள். "நீயே ஒரு நாள் வந்து பாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, கொட்டகைச் சுவரின் நிழலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. அடுப்பைப் பற்றவைத்துத் தனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டாள்.